கிராக் போடலாமா, கூடாதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக டிடிபி சென்டரும் கம்ப்யூட்டர் சர்வீஸும் சேர்த்து நடத்துகிறேன். ஓஎஸ் போட வருகிறவர்கள், புராஜெக்ட் அடிக்க வருகிற கல்லூரிப் பிள்ளைகள், கவிதைத் தொகுப்போடு வருகிற நண்பர்கள் என்று எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். கிராக் போடலாமா, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்து சாஃப்ட்வேரை ஓடவைக்கலாமா? காசு கொடுக்காமல் சாஃப்ட்வேரோ படமோ புத்தகமோ எடுத்துக்கொள்வது தப்பா, தப்பென்றால் எவ்வளவு தப்பு? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவைக்கிறேன்.

நீங்கள் மட்டும் எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வாங்கியா தொழில் ஆரம்பித்தீர்கள்?

இல்லை. 2001-ல் அசெம்பிள் செய்த என் முதல் சிஸ்டத்தில் விண்டோஸ், பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப், தமிழ் எழுத்துருக்கள் என்று இருந்த ஒன்றுகூட காசு கொடுத்து வாங்கியது இல்லை. சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு வாங்கும்போது கூடவே ஒரு சிடியும் வந்தது, அதில் எல்லாம் இருந்தது, சீரியல் நம்பரை உறையின் மேல் பேனாவால் எழுதியிருந்தார்கள். அது தப்பு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஹார்டுவேர்தான் பொருள், சாஃப்ட்வேர் என்பது மல்லிகைப்பூ வாங்கினால் கூட வருகிற வாழைநார் மாதிரி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அதனால் நான் யோக்கியன் வேஷம் போட வரவில்லை. அப்படி ஆரம்பித்தவன் இன்று ஏன் வேறு மாதிரி யோசிக்கிறேன் என்பதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

நகல்தானே எடுக்கிறேன், அவனுடையது அவனிடமே இருக்கிறதே. இதைப் போய் திருட்டு என்கிறார்களே?

நியாயமான கேள்வி. சட்டமே இதை ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை எடுத்துக்கொண்டு போவது, அவ்வளவுதான். நகலெடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளை அனுமதியில்லாமல் ரெகார்டு போட்டு விற்ற ஒருவரின் வழக்கில், அந்த ரெகார்டுகளைத் திருட்டுப் பொருள் என்ற கணக்கில் சேர்க்க முடியாது என்று 1985-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் திருட்டு இல்லை என்பதால் சரி என்று ஆகிவிடாது. எங்கள் பக்கம் தெருக்கூத்து போடும்போது நடுவில் தட்டு எடுத்து வருவார்கள். விடியவிடிய உட்கார்ந்து பார்த்துவிட்டு, தட்டு பக்கத்தில் வரும்போது ஒன்றுக்கு இருக்கப் போவது மாதிரி எழுந்து போகிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு. அவனால் கூத்து ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவனை யாரும் திருடன் என்று சொல்லவும் மாட்டார்கள். ஆனாலும் அவனைப் பற்றி ஊருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும், அவனுக்கும் அது தெரியும். நான் பேசுவது அந்த அளவிலான தப்பைப் பற்றி. எல்லோருமே எழுந்து போய்விட்டால் அடுத்த வருடம் கூத்து கிடையாது என்பது வேறு விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

சட்டப்படி என்ன ஆகும்?

1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63-ம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. சாஃப்ட்வேருக்கு 63பி என்று தனிப் பிரிவே உண்டு: திருட்டு நகல் என்று தெரிந்து கம்ப்யூட்டரில் பயன்படுத்தினாலே ஏழு நாள் முதல் மூன்று வருடம். ஆனால் லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் சிறையை விட்டுவிட்டு 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு முடிக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது வீட்டில் விளையாடுகிற பையனையும் கிராக் போட்ட மென்பொருளில் ஃபிளெக்ஸ் அடித்துக் காசு பார்க்கிற என்னையும் சட்டம் ஒரே தராசில் வைக்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பிடிக்கும், சட்டத்தை எழுதிய யாரோ ஒருவர் யோசித்து எழுதியிருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை, நம் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகையில் வருகிறது. விண்டோஸும் சிறுகதையும் ஒரே சாதி!

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. 2004-ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டையும் அதில் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமலே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். இது அதிகம் என்பது என் கருத்து. சாராயம் காய்ச்சுகிறவன், ரவுடி, இவர்களோடு பஸ் ஸ்டாண்டில் சிடி விற்ற பையனையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள். பிடிக்க வசதியான ஆள் அவன்தான், மாஸ்டர் பிரின்ட் எங்கிருந்து கசிந்தது என்று தேடுவது கஷ்டமான வேலை.

மைக்ரோசாஃப்ட், அடோபி எல்லாம் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறான். நான் ஒருத்தன் காசு கொடுக்காவிட்டால் அவன் குடியா முழுகிவிடும்?

முழுகாது. இங்கேதான் பெரும்பாலான நீதிபோதனைகள் சறுக்குகின்றன, உங்களால் பில் கேட்ஸ் பட்டினி கிடக்கிறார் என்கிற மாதிரி பேசுகிறார்கள், யாரும் நம்ப மாட்டார்கள்.

பில் கேட்ஸே இந்த விஷயத்தில் இரண்டு மாதிரி பேசியவர். 1976-ல் கம்பெனி சின்னதாக இருந்தபோது, ஆல்டேர் கம்ப்யூட்டருக்குத் தாங்கள் எழுதிய பேசிக் மொழியைக் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறீர்களே என்று பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கோபமாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே மனிதர் 1998-ல், கம்பெனி மலையாக வளர்ந்த பிறகு, சீனாவில் இருக்கிறவர்கள் எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிப்போவார்கள், பிற்பாடு எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்கிறோம் என்கிற பொருளில் பேசினார். அவர் சொன்னதுதான் நடந்தது, சீனாவில் மட்டும் இல்லை, என் கடையிலும்.

எப்படி என்று சொல்கிறேன். திருட்டு பேஜ்மேக்கர் கையில் இருந்ததால் எங்கள் ஊர் அச்சுத் தொழிலில் யாரும் வேறு எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001-ல், எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரிகிற பொதுக் குறியாக்கமான யூனிகோட் அதற்குத் தெரியாது. அதனால் நாங்கள் எல்லோரும் பழைய எழுத்துருக்களிலேயே உட்கார்ந்துவிட்டோம், ஒவ்வொரு கம்பெனி எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம், ஒன்றில் அடித்தது இன்னொன்றில் குப்பையாகத் தெரியும். இன்றைக்கும் ஒரு பழைய புத்தகத்தை மின்னூலாக்க வேண்டும் என்றால் அந்தக் கோப்பைக் கன்வெர்ட் செய்து, ஒடிந்துபோன கொம்பையும் காலையும் ஒட்டவைத்து, மறுபடி முழுசாகப் புரூஃப் பார்க்க வேண்டும். காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலை இருந்திருந்தால், பாதிப் பேராவது வேறு வழி தேடியிருப்போம். 2000-களின் பிற்பாதியில் உமாசங்கர் ஐஏஎஸ் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டில், விண்டோஸுக்குப் பதிலான இலவச ஓஎஸ் லினக்ஸைக் கொண்டுவந்தபோது, இதெல்லாம் யாருக்குப் புரியும் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். எனக்குத்தான் விண்டோஸ் ‘சும்மா’ கிடைத்ததே.

ஆக, கிராக் போட்டதால் நஷ்டப்பட்டது அடோபி இல்லை. எங்களில் யாராவது பயன்படுத்தி, குறை சொல்லி, நூறு இருநூறு கொடுத்து வளர்த்திருக்கக்கூடிய ஏதோ ஒரு சின்ன மென்பொருள்தான் நஷ்டப்பட்டது.

சின்னவனுக்கு நஷ்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கண்ணால் பார்த்தீர்களா?

பார்த்தேன், அந்தச் சின்னவன் நான்தான்.

2005 வாக்கில் ஜவுளிக்கடைகளுக்கு ஒரு பில்லிங் மென்பொருள் எழுதினேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான்கு மாதம். விலை 3,500 ரூபாய், பொருத்திக் கொடுத்து, சொல்லிக் கொடுத்து, ஒரு வருடம் சர்வீஸும் சேர்த்து. எட்டுக் கடைக்கு விற்றேன். ஒன்பதாவதாக ஒரு போன் வந்தது, பக்கத்து மாவட்டத்திலிருந்து: “சார், தள்ளுபடி போட்டா ரவுண்ட் ஆஃப் தப்பா வருது, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க.” நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை! விசாரித்தால், என்னிடம் வாங்கிய கடைக்காரர் தன் மச்சானுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார், மச்சான் தன் கூட்டாளிக்கு, கூட்டாளி இன்னொருவருக்கு. முதல் திரையில் என் பெயரும் போன் நம்பரும் இருந்ததால் அவர் கூச்சமே இல்லாமல் கூப்பிட்டுவிட்டார். நான் காசைப் பற்றிப் பேச்செடுத்ததும், சிடிதானே, அதற்கு எதற்கு மூவாயிரம் என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. 2001-ல் நான் எப்படி நினைத்தேனோ அப்படியே அவரும் நினைக்கிறார்.

இதில் நான் வழக்கமாகச் சொல்லாமல் விடுகிற பாதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த மென்பொருளை எழுத நான் பயன்படுத்திய விஷுவல் பேசிக் 6 என்ற புரோகிராமிங் மென்பொருளும் கிராக் போட்டதுதான். அதைச் செய்த மைக்ரோசாஃப்டுக்கு என்னால் ஒன்றும் குறையவில்லை, எனக்கு மட்டும் அந்த நான்கு மாதம் வீண். அந்தத் தொழிலை அதோடு விட்டேன். அதே கிராக், அதே பென்டிரைவ்தான். பெரியவனுக்கு அது விளம்பரம் ஆனது, எனக்கு ஷட்டரை இறக்கிவிட்டது.

அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன். அந்த சாஃப்ட்வேர் எங்க அப்பா மூணு மாச சம்பளம். என்னதான் பண்றது?

தம்பி, முதலில் மாணவருக்கு இலவசமா என்று பார். ஆட்டோகேட் உள்பட ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் மாணவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கின்றன, கல்லூரி அடையாள அட்டை இருந்தால் போதும். கணக்கு எழுதுகிற டேலி கற்றுக்கொள்ள எஜுகேஷன் மோட் இருக்கிறது, மாதத்தின் ஒன்று, இரண்டு, முப்பத்தொன்றாம் தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போடவிடும், கற்றுக்கொள்ள அது தாராளம். வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, 3டி-க்கு பிளெண்டர், படம் வரைய கிருதா, ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்க இங்க்ஸ்கேப். இவற்றில் எதுவுமே உன் பாடத்துக்கு ஒத்துவரவில்லை, புராஜெக்ட் அந்த ஒரு மென்பொருளில்தான் வேண்டும் என்று கல்லூரி கேட்கிறது, லேபில் லைசென்ஸ் இல்லை என்றால், நீ கிராக் போட்டதற்கு உன்னைவிடக் கல்லூரிக்குத்தான் பொறுப்பு அதிகம். லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறார்கள் இல்லையா.

வேலைக்குப் போய் அதே மென்பொருளால் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் ஸ்டூடன்ட் என்று சொல்லிக்கொண்டிருக்காதே. முப்பத்தைந்து வயது ஸ்டூடன்டுகள் என் கடைக்கு வருகிறார்கள்.

சினிமா? டிக்கெட் விலை, பாப்கார்ன் விலை, பார்க்கிங்... குடும்பத்தோடு போனால் இரண்டாயிரம்.

பாப்கார்ன் விலை எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் முதல் நாள் தியேட்டரில் கேமரா வைத்து எடுத்த, நடுவில் யாரோ எழுந்து நடக்கிற அந்தப் பிரின்டைப் பார்க்க வேண்டிய கட்டாயம் என்ன? சோறு இல்லாமல் இருப்பதும் படம் பார்க்காமல் இருப்பதும் ஒன்றா? நான்கு வாரம் பொறுத்தால் பல படங்கள் ஓடிடியில் வந்துவிடுகின்றன. இப்போது தியேட்டர் பிரின்டில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் பதிந்திருக்கும், எந்தத் தியேட்டரில் எந்தக் காட்சியில் எடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, மூன்று மாதம் முதல் மூன்று வருடம் சிறை, மூன்று லட்சத்தில் ஆரம்பித்துத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறார்கள்.

தண்டனையால் இது நிற்கும் என்று நான் நம்பவில்லை. பாட்டு விஷயத்தில் என்ன ஆனது என்று பாருங்கள். ஒரு காலத்தில் செல்போன் கடை வாசலில் எல்லாம் ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று எழுதி ஒட்டியிருக்கும், நானே இருபது ரூபாய்க்கு மெமரி கார்டு நிறைய இளையராஜாவை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அது அத்தனையும் திருட்டுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது, பாட்டுச் செயலிகள் வந்தன, யூடியூபில் எல்லாப் பாட்டும் கிடைத்தது, அந்த போர்டைக் கழற்றச் சொல்லி எந்தப் போலீஸும் வரவில்லை, தானாகவே காணாமல் போனது. சுலபமாக, மலிவாக, நேர்வழியில் கிடைத்தால் முக்கால்வாசிப் பேர் நேர்வழிக்கே வந்துவிடுகிறார்கள்.

தடை போடுவதன் லட்சணத்தையும் பார்த்தாயிற்று. 2012-ல் தமிழ்ப் பட வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவைக் காட்டி இன்டர்நெட் கம்பெனிகள் விமியோ போன்ற வீடியோ தளங்களை முழுசாகவே இழுத்து மூடிவிட்டன. பிற்பாடு நீதிமன்றமே, திருட்டுப் படம் இருக்கிற குறிப்பிட்ட பக்கத்தைத்தான் மூடச் சொன்னோம் என்று தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

வெளிநாட்டில் இருக்கிறேன், இங்கே அந்தப் படம் எந்த ஓடிடியிலும் இல்லை, காசு கொடுக்கத் தயார், வாங்குவார் யாருமில்லை என்கிறவர்களிடம் என்னால் பெரிதாகச் சண்டை போட முடியாது.

தமிழ்ப் புத்தக பிடிஎஃப் டெலிகிராமில் கொட்டிக் கிடக்கிறதே, வாசிப்பு வளர்கிறது, நல்லதுதானே?

இதில்தான் எனக்குக் கோபம் வரும், கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

பெரிய கம்பெனி வாதம் இங்கே செல்லாது. இன்று ஒரு தமிழ் நாவல் முதல் அச்சில் முந்நூறு பிரதி போவதே பல பதிப்பகங்களுக்கு நல்ல விற்பனை. 300 ரூபாய்ப் புத்தகம் என்றால் வழக்கமான பத்து சதவீத ராயல்டியில் எழுதியவருக்கு 30 ரூபாய். முந்நூறும் விற்றால் ஒன்பதாயிரம். இரண்டு மூன்று வருட உழைப்புக்கு. இந்த வியாபாரத்தில் வாங்கக்கூடிய ஐம்பது பேர் பிடிஎஃபுக்குப் போய்விட்டால் அது சின்ன ஓட்டை இல்லை, ஆறில் ஒரு பங்கு. அதே டெலிகிராம் குழுவில் எண்ணூறு ஜிபி இறக்கி வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் எத்தனை படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சேர்ப்பது வாசிப்பு ஆகாது.

எழுத்தாளர் செத்துப்போய்விட்டாரே என்பதும் பதில் இல்லை. நம் சட்டத்தில் எழுதியவர் இறந்த வருடம் முடிந்து அறுபது வருடம் வரை உரிமை உண்டு. சுஜாதா 2008-ல் இறந்தார், அவர் எழுத்துக்கு 2068 முடிய உரிமை இருக்கிறது. ஜெயகாந்தன் 2015, ஆகவே 2075 முடிய. அறுபது வருடம் ரொம்ப நீளம், பேரன் பேத்திவரை எதற்கு என்று கேட்டால் நானும் உங்கள் கட்சி. அது சட்டத்தை மாற்றச் சொல்ல வேண்டிய விஷயம். நேற்று வெளியான புத்தகத்தை ஸ்கேன் செய்து போடுவதற்கு அது சாக்கு ஆகாது.

காசு இல்லையா, நூலகத்துக்குப் போங்கள். மாவட்டத் தலைநகரம் வரை போக வேண்டாம், கிளை நூலகத்தில் கேட்டாலே பாதி கிடைக்கும். இல்லையென்றால் எழுத்தாளருக்கே மெசேஜ் போடுங்கள். வாங்க வசதியில்லை, படிக்க ஆசை என்று கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன தமிழ் எழுத்தாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அப்படியானால் எதைத் தைரியமாகப் பகிரலாம்?

நாட்டுடைமை ஆனவை எல்லாம். இப்படி ஓர் ஏற்பாடு நம் ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கே தெரிவதில்லை. பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவு செய்கிற உரிமை ஒரு காலத்தில் ஏவி மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. நாடகக்காரர் டி.கே. சண்முகம் தங்கள் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்ததற்கு வழக்கு வரை போனது. பாரதி தனி ஒருவர் சொத்தா என்று ஊர் முழுக்கப் பேச்சு கிளம்பி, 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையைத் தன் கைக்கு எடுத்து, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்கு அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எழுத்து, குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து இப்படிப் பொதுவாகியிருக்கிறது. கல்கி 1999-ல். அதனால்தான் பொன்னியின் செல்வனைப் பத்துப் பதிப்பகம் பத்து விலையில் போடுகின்றன, அதன் பிடிஎஃபைக் கொடுப்பதில் ஒரு பாவமும் இல்லை. ஒன்று மட்டும், புதுப் பதிப்பில் யாராவது வரைந்த ஓவியமோ எழுதிய முன்னுரையோ இருந்தால் அது அவருடையது.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் ஆரம்பித்தது, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழைய நூல்கள் அங்கே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. எழுத்தாளர்களே விருப்பப்பட்டுப் பொது உரிமத்தில் கொடுத்த புத்தகங்களுக்கென்று தனித் தளங்கள் இருக்கின்றன. சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதைப் படித்து முடிக்கவே ஒரு ஆயுள் போதாது.

விற்பனையிலேயே இல்லாத பொருளை நகலெடுத்தால்?

என் மனசாட்சி உறுத்தாது. சட்டம் ஒப்புக்கொள்ளாது, அது தெரிந்தே சொல்கிறேன். நாற்பது வருடமாக அச்சில் இல்லாத, வாரிசு யாரென்றே தெரியாத புத்தகத்தை யாராவது ஸ்கேன் செய்து வைத்தால் அவரை நான் கும்பிடுவேன். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, அதில் வேறெங்கும் பிரதி இல்லாதவை எத்தனையோ. இரண்டாவது பிரதி இல்லாத பொருள் எந்த நாளும் சாகலாம். நூலகம் நிறுவனத்தினர் 2005-லிருந்து ஈழத்து நூல்களை, பத்திரிகைகளை, துண்டறிக்கைகளை ஸ்கேன் செய்து வைக்கிறார்கள், உரிமை உள்ளவர்களிடம் அனுமதியும் கேட்கிறார்கள். கேட்க ஆள் இருந்தால் கேட்பது, இல்லையென்றால் காப்பாற்றுவது, யாராவது வந்து எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவது. எனக்கு இந்த முறை போதும்.

நாணயமாகக் காசு கொடுத்து வாங்கியதையே அவர்கள் பிடுங்கிக்கொள்கிறார்களே?

ஆமாம், இதை அவர்கள் தரப்பு ஆட்கள் பேசவே மாட்டார்கள். 2009-ல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து சத்தமில்லாமல் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் கடைக்காரர் ராத்திரி என் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துப்போய், காலையில் காசை வைத்துவிட்டேன் என்றால் விடுவேனா? மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019-ல் மூடியபோதும் இதே கதைதான். அடோபி 2013 முதல் போட்டோஷாப் மாதிரியானவற்றின் புதுப் பதிப்புகளைச் சந்தாவாகத்தான் கொடுக்கிறது, ‘வாங்குவது’ என்பதே கிடையாது. சோனி பிஎம்ஜி 2005-ல் தன் பாட்டு சிடிக்குள் ஒரு மென்பொருளை ஒளித்து வைத்து, நகலெடுப்பதைத் தடுக்கிறேன் என்று நேர்மையாகக் காசு கொடுத்தவர்களின் கம்ப்யூட்டரையே ஆபத்தில் தள்ளியது. திருட்டு எம்பி3 வைத்திருந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை!

காசு கொடுத்து வாங்கிய ஒன்றை, உங்கள் கையில் தங்குவதற்காக ஒரு பிரதி எடுத்து வைத்தால் நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். சாஃப்ட்வேருக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டமே விடுகிறது.

ஆராய்ச்சிக் கட்டுரைகள்?

எழுதியவருக்கு ஒரு பைசா கிடையாது, சரிபார்க்கிற பேராசிரியருக்கும் கிடையாது, செலவில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்துடையது அல்லது அரசுடையது, அதைப் படிக்க மட்டும் ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில். இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் கஜகஸ்தான்காரரான அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-ல் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகக் கொடுக்கிற சை-ஹப் தளத்தைத் தொடங்கினார். டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2025 ஆகஸ்டில் இங்கே அதைத் தடுக்க உத்தரவானது. இதற்கிடையில் மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. தனியார் கல்லூரியில் படிக்கிற பிள்ளை என்ன செய்ய வேண்டும்? கட்டுரையாசிரியருக்கு மெயில் போட்டால் சந்தோஷமாக அனுப்புவார்கள், அதை முதலில் செய்யுங்கள். மற்றபடி, தட்டு யாருக்குப் போகவேண்டுமோ அவருக்குப் போகவே இல்லை என்கிற கூத்து இது, இதில் எழுந்து போகிறவனை நான் குறை சொல்லப் போவதில்லை.

ஏஐ கம்பெனிகளே திருட்டுப் புத்தகங்களை இறக்கித்தானே பழக்குகிறார்கள்? நமக்கு மட்டும் என்ன?

சில கம்பெனிகள் செய்தது உண்மை. ஆந்த்ரோபிக் என்ற கம்பெனி மேல் எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், புத்தகங்களை வைத்துப் பழக்குவது வேறு, திருட்டுத் தளத்திலிருந்து இறக்கிச் சேர்த்து வைத்தது வேறு என்று 2025-ல் அமெரிக்க நீதிபதி ஒருவர் பிரித்துச் சொன்னார். கடைசியில் 150 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள், ஒரு புத்தகத்துக்கு ஏறத்தாழ 3,000 டாலர் கணக்கு. அவன் செய்தான் என்று நீங்கள் செய்வதற்கு முன்னால், அவனிடம் கட்டப் பணம் இருந்தது என்பதையும் யோசியுங்கள்.

கிராக் போட்டால் வைரஸ் வருமா, சும்மா பயமுறுத்துகிறார்களா?

வரும். கிராக் ஓடவேண்டுமானால் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்கிறான், நாமும் செய்கிறோம், பூட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குவது மாதிரி. ஸ்டாப் என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ், பெருமளவு இப்படிக் கிராக், கீஜென் (போலி சீரியல் நம்பர் தயாரிக்கும் புரோகிராம்) வழியாகத்தான் பரவியது. ஒரு கல்யாண போட்டோகிராபர் என்னிடம் ஹார்டு டிஸ்க் கொண்டுவந்தார், பதினோரு கல்யாணத்துப் படங்கள், எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, திறக்கப் பணம் கேட்டு ஒரு கடிதம். மீட்க முடியவில்லை. பதினோரு குடும்பத்துக்கு அவர் என்ன பதில் சொன்னாரோ.

உங்கள் கடையில் கிராக் போட்டுத் தரச் சொன்னால் இப்போது என்ன செய்வீர்கள்?

எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலாக இலவச லிப்ரே ஆபிஸ் போட்டுக் கொடுக்கிறேன். பத்தில் ஆறு பேருக்கு வித்தியாசமே தெரிவதில்லை, லெட்டர் அடிக்கவும் பில் போடவும் அது போதும். இரண்டு பேர் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், அங்கே முந்நூறு ரூபாயில் எல்லாம் கிடைக்கும். மீதி இரண்டு பேர் லைசென்ஸ் என்ன விலை என்று கேட்கிறார்கள், அந்த இரண்டு பேர் பத்து வருடத்துக்கு முன்னால் இல்லை. வருமானம் குறைந்ததா என்றால் குறைந்தது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க் நிறையத் திருட்டுப் படமும் பாட்டும் இருக்கிறது. அழித்துவிட வேண்டுமா?

அழித்தால் யாருக்கு என்ன வரும்? அதில் உங்களுக்கு உயிரான பத்து இருக்கும், அவற்றை இப்போது ஏதாவது நேர்வழியில் காசு கொடுத்துப் பாருங்கள், அந்த ஆட்களுக்குக் கொஞ்சமாவது போய்ச் சேரட்டும். மீதியை எப்படியும் நீங்கள் திறக்கப்போவதில்லை. என் பீரோவிலும் ஒன்று இருக்கிறது. உள்ளே பேஜ்மேக்கர் 7.0, அதன் சீரியல் நம்பர் ஒரு டெக்ஸ்ட் கோப்பில், அப்புறம் அந்த ஜவுளிக்கடை பில்லிங்கின் சோர்ஸ் கோடு. பழைய வாடிக்கையாளர் யாராவது இருபது வருடத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகைக் கோப்பைக் கொண்டுவந்து திறக்கச் சொன்னால் அதைத்தான் எடுத்து மாட்டுகிறேன், போன மாதம்கூட ஒருவர் வந்தார்.